காந்தத் துகளா, கார்ட்ரிட்ஜா, வெறுமனே திரிய வைத்தால் போதுமா?

இந்த மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் பால் பரிசோதனை லேப் நடத்துகிறார். இன்னொருவர் காட்பாடியில், நோயாளிகளின் ரத்தத்தில் வலிப்பு மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலையில் இருக்கிறார். மூன்றாவது, கோவையில் பிஎச்டி செய்யும் பெண். அவளுக்கு எலி பிளாஸ்மா, அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம். மூன்று பேரிடமும் யாரோ விற்பனைப் பிரதிநிதி போய் ஒரு சின்னக் குப்பியை ஆட்டிக் காட்டியிருக்கிறார். உள்ளே கறுப்புத் திரவம்: சாம்பிளிலிருந்து நமக்கு வேண்டிய மூலக்கூறைப் பிரித்தெடுக்கிற காந்தத் துகள். பக்கத்தில் காந்தத்தை வைத்ததும் கறுப்பெல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கி, தண்ணீர் தெளிந்துவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். "வாங்கலாமா அக்கா?" என்பதுதான் கேள்வி.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சித்தூர் தாலுகா. பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து எங்கள் பார்சல் அங்கே போய்ச் சுற்றி வந்த கதையும் உண்டு. வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம், லேபில் பாதி இங்கிலீஷ் என்று ஓடுகிற ஊர். எங்களுக்கு வரும் சாம்பிள் பெரும்பாலும் பால். எல்லை தாண்டிப் போகிற பால் நிறைய. மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையே பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறது. ஓணம் நெருங்கினால் எங்கள் மாதிரி தனியார் லேப்களுக்கும் தூக்கம் போய்விடும்.

பாலில் நாங்கள் தேடுவது இரண்டு வகை. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக்கின் எச்சம் ஒன்று. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வழியாக வரும் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு இன்னொன்று. 2018இல் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள்களைப் பார்த்த ஆய்வில் 5.7 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 551இல் 88, கேரளத்தில் 187இல் 37. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே புண்ணாக்கு மூட்டைதான் போகிறது, வேறென்ன.

இந்த இரண்டுமே சின்ன மூலக்கூறுகள். பாலோ ரத்தமோ பெரிய கூட்டம்: புரதம், கொழுப்பு, சர்க்கரை, உப்பு. அந்தக் கூட்டத்திலிருந்து இந்தச் சின்ன ஆளை மட்டும் வெளியே அழைத்து வந்து எல்சி-எம்எஸ் கருவி முன்னால் நிறுத்துவதுதான் வேலை. எல்சி கலவையைக் குழாயில் பிரிக்கும், எம்எஸ் ஒவ்வொன்றையும் எடையை வைத்து அடையாளம் காணும். அதற்கு வழி நான்கு: புரதத்தைத் திரிய வைப்பது, கரைப்பானில் இறக்குவது, பொடி அடைத்த கார்ட்ரிட்ஜ், காந்தத் துகள்.

எதை வைத்து அளப்பது

விலையிலிருந்து தொடங்காதீர்கள். நான் பார்க்கிற வரிசை இது.

முதலில், எவ்வளவு கீழே போக வேண்டும்? வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின் ரத்தத்தில் வழக்கமாக மில்லிக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். பாலில் அஃப்ளடாக்சின் எம்1க்கு இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்; ஐரோப்பாவில் 0.05. அந்த மருந்துக்கும் இந்த நச்சுக்கும் நடுவில் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். காட்பாடிக்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது என்பது இங்கேயே முடிவாகிவிட்டது.

இரண்டாவது, மூலக்கூறின் குணம். அமிலமா, காரமா, தண்ணீரை விரும்புமா, எண்ணெயை விரும்புமா, உலோகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளுமா. கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள், கீழே வேலைக்கு வரும்.

மூன்றாவது, சுத்தம். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது சுத்தம் இல்லை. எல்சி-எம்எஸ்ஸில் நம்முடைய மூலக்கூறு வெளியே வரும் அதே நொடியில் பாஸ்போலிப்பிட் (ஒரு வகைக் கொழுப்பு) மாதிரி ஏதாவது கூடவே வந்தால், அது மின்னூட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நம் சிக்னல் அமுங்கிவிடும். மேட்ரிக்ஸ் எஃபெக்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

நான்காவது, ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள்.

ஐந்தாவது, கொட்டேஷனில் வராத செலவுகள்: ஆவியாக்க நைட்ரஜன், வேக்குவம் பம்ப் ஓடக் கரண்ட், கழிவுக் கரைப்பானை ஒழிக்கிற செலவு, ஒரு ஆளின் அரை நாள். எங்களுக்கு நைட்ரஜன் சிலிண்டர் கோவையிலிருந்து வருகிறது. சனிக்கிழமை மாலை தீர்ந்தால் திங்கள்கிழமைதான் மறுபடி வேலை. இந்த மாதிரிச் செலவை எந்த கேட்டலாகும் போடாது.

திரிய வைப்பது

பால் லேபில் இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகிறதோ அதுதான். பிளாஸ்மா ஒரு பங்குக்கு அசிட்டோநைட்ரைல் மூன்று பங்கு விட்டு, வோர்டெக்ஸில் ஒரு நிமிடம் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றினால் புரதம் அடியில் கட்டியாக உட்கார்ந்துவிடும். மேலே இருக்கும் தெளிவை எடுத்துக் கருவிக்குக் கொடுக்கலாம். கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். எந்த மூலக்கூறையும் ஏறக்குறைய முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

குறையும் அதுவேதான். எல்லாவற்றையும் கொண்டுவரும். புரதம்தான் போகும், பாஸ்போலிப்பிட் கரைந்தபடியே மேலே நிற்கும். மெத்தனாலில் அது இன்னும் அதிகம், அதனால் இரண்டில் ஒன்றென்றால் அசிட்டோநைட்ரைல். கூடவே சாம்பிள் நான்கு மடங்கு நீர்த்துப்போகிறது. கார்பமசெபினுக்கு அதனால் ஒன்றும் குறையாது. அஃப்ளடாக்சினுக்குக் கதை முடிந்தது.

மறைந்திருக்கும் செலவு கருவியின் பக்கம். இந்த வழியில் தயாரித்ததைக் கருவிக்குள் தினம் நூறு ஊசி போட்டால் எம்எஸ்ஸின் முகப்பைக் கழற்றித் துடைக்கிற நாள் சீக்கிரம் சீக்கிரம் வரும். எல்சியின் காலமும் (நேரத்தைச் சொல்லவில்லை, குழாயைச் சொல்கிறேன்) ஆயுசு குறையும். சாம்பிள் தயாரிப்பில் மிச்சம் பிடித்ததைக் காலம் வாங்கிக் கட்டுவோம்.

அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் போட்டுத் திரிய வைக்கிறவர்களும் உண்டு. பென்சிலின் குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அது வேண்டாம். அமிலத்தில் பென்சிலின் உடைந்துபோகும். இல்லாத பாலுக்கு 'இல்லை' என்று ரிப்போர்ட் கொடுப்பது சரி. இருந்ததை நாமே உடைத்துவிட்டு 'இல்லை' என்பது வேறு.

கரைப்பானில் இறக்குவது

எத்தில் அசிட்டேட்டோ எம்டிபிஇயோ (இரண்டும் கரைப்பான்கள்) விட்டுக் குலுக்கி, மேல் அடுக்கைப் பிரித்து, காற்றில் உலர்த்தி, எல்சிக்குள் ஓடும் திரவமான மொபைல் ஃபேஸ் கொஞ்சம் விட்டுத் திரும்பக் கரைப்பது. எண்ணெய்ப் பக்கம் சாய்கிற மூலக்கூறு கரைப்பானுக்குள் இறங்கிவிடும். உப்பும் பெரும்பாலான புரதமும் தண்ணீரிலேயே தங்கும். பிஎச்சை மூலக்கூறின் பிகேஏவிலிருந்து (அது பாதிக்குப் பாதி மின்னூட்டத்தோடு இருக்கும் பிஎச்) சரியான பக்கம் இரண்டு அலகு தள்ளி வைத்தால் மின்னூட்டம் இல்லாமல் இறங்கும் என்பது பழைய விதி, இன்றும் சரி.

நல்லாப் பொருந்துகிற இடத்தில் இதன் சுத்தம் கார்ட்ரிட்ஜோடு போட்டி போடும். குளோரம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எத்தில் அசிட்டேட் இன்னும் நல்ல வழிதான், நாங்களே அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் மாதிரி தண்ணீரை விட்டு வராத ஆட்களை எவ்வளவு குலுக்கினாலும் இறக்க முடியாது.

பாலில் தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. குலுக்கினால் நடுவில் ஒரு வெள்ளை நுரை அடுக்கு நின்றுகொள்ளும். மேலும் போகாது, கீழும் போகாது. எருமைப்பால் என்றால் கேட்கவே வேண்டாம். உப்புப் போட்டு, குளிரில் சுற்றி, காத்திருந்து... ஒரு நாள் முழுக்க இதிலேயே போன அனுபவம் இருக்கிறது. எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைக் கடைஞ்சா வெண்ணெயே எடுத்துடலாம்" என்றான். தப்பில்லை.

கார்ட்ரிட்ஜ்

சாலிட் ஃபேஸ் எக்ஸ்ட்ராக்ஷன் என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. சின்ன சிரிஞ்சு மாதிரி ஒரு குழாய், உள்ளே 30 அல்லது 60 மில்லிகிராம் பொடி. மெத்தனால் விட்டு நனைத்து, தண்ணீர் விட்டு, சாம்பிளை மெதுவாக இறக்கி, 5 சதவீத மெத்தனாலில் கழுவி, கடைசியில் மெத்தனாலில் இறக்கி வாங்கினால் நம் ஆள் கையில். பொடியின் குணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எண்ணெய் பிடிக்கிற சி18. எண்ணெய், தண்ணீர் இரண்டையும் பிடிக்கிற, 1996இல் வந்த எச்எல்பி. மின்னூட்டத்தைப் பிடிக்கிற கலப்பு வகைகள். கழுவுகிற வேலையை நாம் விரும்பிய அளவு கடுமையாக்கலாம் என்பதால் பிளாஸ்மாவின் பாஸ்போலிப்பிட்டை நன்றாகவே துரத்தலாம். ஒரு மில்லி சாம்பிளைக் கால் மில்லிக்குச் சுருக்கவும் முடியும். நாலு வழியில் ரொம்பப் பேர் எழுதி, ரொம்ப லேப்கள் சரிபார்த்த வழி இதுதான். தணிக்கைக்கு வருகிறவர் இதைப் பார்த்தால் மேலே கேள்வி கேட்க மாட்டார். அதற்கும் ஒரு விலை இருக்கிறதில்லையா?

அஃப்ளடாக்சினுக்கு இதன் தம்பி ஒன்று: ஆன்டிபாடி ஒட்டிய இம்யூனோஅஃபினிட்டி காலம். கொழுப்பு நீக்கிய 50 மில்லி பாலைச் சொட்டுச் சொட்டாக அதன் வழியே இறக்கினால் எம்1ஐ மட்டும் பிடித்துவைக்கும். வேலை அற்புதம், விலை கண்ணைக் கட்டும், ஒரு தடவைக்குத்தான்.

கார்ட்ரிட்ஜின் பெரிய எதிரி அடைப்பு. பாலில் கொஞ்சம் கொழுப்பு மிஞ்சினாலும் பன்னிரண்டில் மூன்று குழாய் நின்றுவிடும். வேக்குவத்தைக் கூட்டினால் மற்ற ஒன்பதும் பாய்ந்து ஓடும், பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல். ஒரு ஆள், குழாய்களை வரிசையாக மாட்டி வேக்குவத்தில் இழுக்கும் அந்த மேனிஃபோல்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாகத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் வேக்குவம் நிற்கும். சி18 காய்ந்தால் பிடிப்பு போய்விடும். பாலிமர் வகை அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி. அப்புறம் மில்லிக்கணக்கில் மெத்தனாலை ஆவியாக்க நைட்ரஜன். 24 பால் சாம்பிள் எங்களிடம் அரை நாளைத் தின்றுவிடும்.

காந்தத் துகள்

இப்போது குப்பிக்கு வருவோம். உள்ளே இருக்கும் கறுப்பு மேக்னடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. அதன் துணுக்குகள் சில பத்து நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒரு விசித்திரக் குணம் வருகிறது: காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இழுபடும், எடுத்துவிட்டால் தானாகக் காந்தமாக நிற்காது. அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மறுபடி கலையும். விற்பனைக்கு வருபவற்றில் பல, இந்த நானோ துணுக்குகளைப் பாலிமரிலோ சிலிக்காவிலோ பொதித்து ஒன்று முதல் ஐந்து மைக்ரான் உருண்டையாக்கியவை. நோர்வேயின் ஜான் உகெல்ஸ்டாட் 1970களில் செய்த ஒரே அளவு பாலிஸ்டைரீன் உருண்டைகளிலிருந்து வந்த பரம்பரை. அதைச் சின்ன மூலக்கூறுகளைப் பிரிக்கப் பயன்படுத்தி, காந்தத் திண்மப் பிரிப்பு என்று பெயரும் வைத்தது செக் நாட்டின் ஷஃபாரிக்கோவாவும் ஷஃபாரிக்கும், 1999இல்.

செய்முறை சுலபம். ஒரு மில்லி சாம்பிளில் பத்து மில்லிகிராம் துகள், பத்து நிமிடம் ஆட்டு, பக்கவாட்டில் காந்தம், திரவத்தை உறிஞ்சு, கழுவு, மறுபடி காந்தம், 200 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் இறக்கு. அவ்வளவுதான். துகள் சாம்பிளுக்குள்ளேயே நீந்துவதால் மூலக்கூறு அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடைக்க எதுவும் இல்லை. இறக்குகிற அளவு சின்னது என்பதால் பல நேரம் ஆவியாக்கும் படியே தேவையில்லை. நைட்ரஜன் சிலிண்டர் எப்போது வரும் என்று ரோட்டைப் பார்க்க வேண்டாம். கரண்ட் போனாலும் காந்தம் நிற்காது. எங்கள் கையில் 24 பால் சாம்பிள் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். காந்தம் இழுப்பது துகளைத்தான். மூலக்கூறைப் பிடிப்பது துகளின் மேல் பூச்சு. சி18 பூசிய துகள் சி18 கார்ட்ரிட்ஜ் பிடிப்பதையே பிடிக்கும், அது விடுவதையே விடும். கார்ட்ரிட்ஜில் வராத ஜென்டாமைசின் அதே பூச்சுள்ள துகளிலும் வராது. குப்பியை ஆட்டிக் காட்டுகிறவர் காட்டுவது கையாளும் வசதியை. வேதியியல் அப்படியே பழசு.

அந்த வேதியியலிலும் கூடுதலாக ஒரு வம்பு சேர்கிறது: இரும்பு.

போன வருஷம் பாலில் ஆன்டிபயாட்டிக்குக்காகத் துகளை முதன்முதலில் முயன்றபோது நடந்தது இது. சுத்தமான பாலில் சல்ஃபாடிமிடினும் ஆக்சிடெட்ராசைக்ளினும் அளந்து கலந்தோம். சல்ஃபா அழகாகத் திரும்பி வந்தது. டெட்ராசைக்ளின் பாதிகூட வரவில்லை. மறுநாளும் அப்படியே. மெத்தனாலைக் கூட்டினோம், நேரத்தைக் கூட்டினோம். வேலை செய்த பெண் கடைசியில், "பிடிச்சதை விடவே மாட்டேங்குதுங்க அக்கா" என்றாள். அவள் சொன்னதுதான் பதில். டெட்ராசைக்ளினுக்கு உலோகத்தைக் கண்டால் கைகோத்துக்கொள்கிற குணம். பாலிலேயே கால்சியத்தோடு கைகோத்துத்தான் இருக்கும். துகளின் பூச்சில் எங்காவது ஓட்டை இருந்து இரும்பு எட்டிப் பார்த்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. மெத்தனால் எண்ணெய்ப் பிடிப்பைத் தளர்த்தும், இந்தப் பிடிப்பைத் தளர்த்தாது. சாம்பிளை, உலோகத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ கலந்த மெக்கில்வெய்ன் பஃபரில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) வைத்து, இறக்கும் மெத்தனாலில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்த பிறகுதான் சரியாயிற்று. இறக்கும் திரவத்தில் இடிடிஏ போடலாமே என்று கேட்பீர்கள். அது ஆவியாகாது, எம்எஸ் முகப்பில் உப்புப் பூக்கும். என்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே உலோகப் பாசம் உண்டு.

அடுத்தது அமிலம். பூச்சு மோசமான துகளை ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனாலில் நேரம் கடந்து விட்டுவைத்தால் இறக்கிய திரவம் லேசாக மஞ்சள் தட்டும். அது இரும்பு. சிலிக்காப் பூச்சு அமிலம் தாங்கும், ஆனால் கடும் காரத்தில் கரையும். பாலிமர் பூச்சு இரண்டுக்கும் பரவாயில்லை.

இன்னும் சில தொல்லைகள், எல்லாம் பட்டுத் தெரிந்தவை. துகள் குப்பியின் அடியில் படியும். ஒவ்வொரு தடவை பிப்பெட் வைக்கும் முன்னும் குலுக்காவிட்டால் முதல் சாம்பிளுக்குப் பத்து மில்லிகிராம், கடைசிச் சாம்பிளுக்குப் பதினைந்து. பிப்பெட்டைக் காந்தப் பக்கம் நீட்டினால் துகளும் கூட வரும், எதிர்ப் பக்கம்தான் நீட்ட வேண்டும். காந்தத்தைக் குழாயின் அடியில் வைக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். அடியில் வைத்தால் கடைசிச் சொட்டை எடுக்கவே முடியாது. கழுவிய துகளை முழுக்கக் காயவிட்டால் மறுபடி கலையாமல் கட்டியாகும். பால் கெட்டியாக இருந்தால் ஒதுங்க நேரம் எடுக்கும். சரிபாதி தண்ணீர் கலந்தால் வேகமாகும். நியோடிமியம் காந்தம் விரலை நசுக்கும், பழைய ஏடிஎம் கார்டைக் கெடுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரை அந்த மேஜைப் பக்கமே விடக்கூடாது.

ரொம்ப முக்கியமானது: இறக்கிய திரவத்தை வடிகட்டாமல், அல்லது இன்னொரு முறை காந்தத்தில் வைத்துத் தெளிய விடாமல், நேரே ஊசி போடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் அப்படிச் செய்தோம். கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் துகள் உள்ளே போய் எல்சியின் அழுத்தம் படிப்படியாக ஏறி, ராத்திரி பத்து மணிக்குக் கருவி தானே நின்றுவிட்டது. திங்கள்கிழமை காலத்தின் முனையைக் கழற்றினால் ஃபிரிட்டில் (வாயில் இருக்கும் சல்லடை) சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு.

லேபிலேயே துகள் செய்யலாமா என்று பிஎச்டிப் பெண் கேட்டாள். செய்யலாம். இரண்டு வகை இரும்பு குளோரைடை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கரைத்து அம்மோனியா விட்டால் கண்ணெதிரே கறுத்துப் படியும். அதன் மேல் சிலிக்கா ஏற்றலாம். செலவு சொற்பம். ஆனால் இன்று செய்த துகளும் அடுத்த மாதம் செய்கிற துகளும் ஒரே மாதிரி பிடிக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. பேப்பர் போட உதவும், ரிப்போர்ட் போட உதவாது. அதே மாதிரி, பத்து தடவை திரும்பப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருப்பதை நம்பி விலையைப் பத்தால் வகுக்காதீர்கள். முந்தின சாம்பிளின் மிச்சம் அடுத்த விவசாயியின் பாலில் தெரிந்தால் அவர் பால் சொசைட்டியில் படும் பாட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஒரே பார்வையில்

| | திரிய வைப்பது | கரைப்பானில் இறக்குவது | கார்ட்ரிட்ஜ் | காந்தத் துகள் |
|---|---|---|---|---|
| சுத்தம் | குறைவு | நன்று, பொருந்தினால் | மிக நன்று | பூச்சைப் பொறுத்து. பெரும்பாலும் நன்று |
| செறிவூட்டல் | இல்லை, நீர்த்துப்போகும் | உண்டு | உண்டு | உண்டு |
| ஆவியாக்கல் | தேவையில்லை | கட்டாயம் | பெரும்பாலும் | அபூர்வம் |
| பாலில் தொல்லை | பாஸ்போலிப்பிட் | நுரை அடுக்கு | அடைப்பு | கெட்டிப் பாலில் மெதுவாக ஒதுங்கும் |
| தொடக்கச் செலவு | சென்ட்ரிஃபியூஜ் மட்டும் | குறைவு | மேனிஃபோல்டு, பம்ப், நைட்ரஜன் | கையால் என்றால் காந்த ஸ்டாண்ட். எந்திரம் என்றால் பெரிய தொகை |
| தணிக்கையில் | கேள்வி வராது | கேள்வி வராது | கேள்வி வராது | சரிபார்ப்பு முழுக்க நாமே |
| சறுக்கும் இடம் | மிகக் குறைந்த அளவு | தண்ணீர் விரும்பி | கொழுப்பு | உலோகம் பிடிக்கும் மூலக்கூறு |

அப்படியென்றால் யாருக்கு எது

காட்பாடிக்காரருக்கு: துகள் வேண்டாம். கார்பமசெபின், ஃபெனிடோயின் எல்லாம் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கிற மருந்துகள். திரிய வைத்து, நீர்த்து, நாளுக்கு முப்பது சாம்பிளை மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். ஐசோடோப் குறியிட்ட இன்டர்னல் ஸ்டாண்டர்டு (அதே மருந்தின் சற்றே கனமான வடிவம், சாம்பிளில் அளந்து கலப்பது) ஒன்று நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். சிக்னல் அமுங்கினாலும் அதுவும் கூடவே அமுங்கிக் கணக்கை நேராக்கிவிடும். நாளைக்கு, உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் வந்தாலும் ஜிங்க் சல்ஃபேட்டோடு திரிய வைக்கிற வழியே போதும்.

பிஎச்டிப் பெண்ணுக்கு: எலியிடமிருந்து கிடைப்பது ஐம்பது மைக்ரோலிட்டர் பிளாஸ்மா. அதில் கார்ட்ரிட்ஜை நனைக்கவே பாதி போய்விடும். சின்ன அளவு சாம்பிள், சின்ன அளவு துகள், இருபது மைக்ரோலிட்டரில் இறக்குவது என்று துகள் உண்மையிலேயே மின்னுகிற இடம் இதுதான். நேரமும் இருக்கிறது, பரிசோதித்துப் பார்க்கிற மனசும் இருக்கிறது. ஆனால் துகளைக் கடையில் வாங்கிச் செய்யட்டும். சொந்தத் துகள் செய்வதே ஆராய்ச்சி என்றால் அது வேறு தலைப்பு.

பொள்ளாச்சிக்காரருக்குத்தான் பதில் இரண்டாகப் பிரிகிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு வாரம் நாற்பது, ஐம்பது சாம்பிள் என்றால் இருக்கிற கார்ட்ரிட்ஜை மாற்றாதீர்கள். புது முறையைச் சரிபார்க்க ஆகும் இரண்டு மாதத்தில் பழைய முறையில் ஒரு வருஷ வேலை முடியும். தினமும் ஐம்பது என்றால் கணக்கு மாறிவிடும். அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து திருகைத் திருகும் ஆளின் சம்பளமும் நைட்ரஜனும் சேர்ந்து துகளின் விலையைத் தாண்டிவிடும். அஃப்ளடாக்சினுக்கு ஆன்டிபாடி ஒட்டிய காந்தத் துகள் வருகிறது. 50 மில்லி பாலைச் சொட்டவிட வேண்டாம், அடைப்பு இல்லை. ஆனால் விலையில் பெரும்பங்கு ஆன்டிபாடிக்குத்தான், அது காலத்திலிருந்தாலும் துகளிலிருந்தாலும் அதே விலை. இங்கே மிச்சமாவது நேரம், பணம் இல்லை.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். கொரோனா காலத்தில் ஆர்என்ஏ பிரிக்க வாங்கிய தானியங்கி எந்திரங்கள் எத்தனையோ லேப்களில் துணி போர்த்தி நிற்கின்றன. பிளாஸ்டிக் உறை மாட்டிய காந்தக் கம்பிகள் துகளை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தூக்கிப் போகும் வகை. திரவம் நகராது, துகள்தான் நகரும். அதில் 96 பால் சாம்பிளை ஒரே சமயத்தில் ஓட்டலாம். கூட வந்த சிலிக்காத் துகளைப் பயன்படுத்தாதீர்கள். அது உப்புக் கரைசலில் ஆர்என்ஏவைப் பிடிக்கச் செய்தது. நானூறு டால்டன் எடையுள்ள சின்ன மருந்து மூலக்கூறைக் கண்டுகொள்ளாது. எந்திரம் பழையது, துகள் புதியது என்று சேர்த்தால் பெரிய தொகை மிச்சம். பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று சும்மா நிற்கிறதா என்று விசாரியுங்கள்.

வாங்கும் முன் ஒரு வார வேலை

எதைத் தேர்ந்தாலும் இதைச் செய்து பாருங்கள். மத்துஷெவ்ஸ்கி குழுவினர் 2003இல் எழுதிய வழி, மூன்று செட் குழாய்தான். முதல் செட்டில் வெறும் கரைப்பானில் மருந்து. இரண்டாவதில் மருந்தில்லாத பாலை முழுக்கப் பிரித்தெடுத்து, முடிந்த பிறகு மருந்து. மூன்றாவதில் பாலிலேயே மருந்தைக் கலந்துவிட்டுப் பிரித்தெடுப்பது. மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் ரிக்கவரி, அதாவது கலந்ததில் எவ்வளவு திரும்பி வந்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மேட்ரிக்ஸ் எஃபெக்ட். ரிக்கவரி 70 சதவீதமாக இருந்தாலும் எல்லாப் பாலிலும் அதே 70 என்றால் கவலையில்லை. ஒரு பாலில் 90, இன்னொன்றில் 50 என்றால் அந்த முறையைத் தொடாதீர்கள்.

ஒரே பாலில் செய்து திருப்திப்படாதீர்கள். ஆறு வேறு வேறு இடத்துப் பால் வேண்டும். ரத்த சாம்பிளுக்கு, மருந்து அளவிடும் முறைகளுக்கான சர்வதேச ஐசிஎச் எம்10 வழிகாட்டுதலும் குறைந்தது ஆறு பேருடையதைத்தான் கேட்கிறது. நாங்கள் எடுத்தது: ஜெர்சிப் பசு, நாட்டுப் பசு, எருமை, கன்று போட்டுப் பத்து நாளான மாடு, சொசைட்டி கேனில் கலந்த காலைப்பால், பாக்கெட் பால். கன்று போட்ட மாட்டின் பாலில்தான் துகள் ஒதுங்க ரொம்ப நேரம் எடுத்தது. பாக்கெட் பாலில் எல்லா முறையுமே நன்றாக வந்தது, அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள்தான் அப்புறம் போன் பண்ணுகிறார்கள்.

இதற்குத் துகள் சின்னக் குப்பி ஒன்று போதும். விலை கொடுத்து வாங்க வேண்டாம், பிரதிநிதியிடமே சாம்பிளாகக் கேளுங்கள். ஆட்டிக் காட்டிய குப்பியை மேஜையில் விட்டுப் போகத் தயங்கினார் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.